தொல்லை தராதே என்னும் பாடம்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று எம்மவர் சொல்வதுண்டு. யப்பானியரின் வீடுகளில் அந்த வாசற்படிக்கென்று ஒரு பெயரும் ஓர் ஒழுங்கும் இருக்கின்றன. கதவைத் திறந்தவுடன் வீட்டுத் தரையிலும் சற்றுத் தாழ்வாக அமைந்திருக்கும் சிறிய இடத்தை அவர்கள் ‘கென்கன்’ என்கிறார்கள். வெளியே போட்டுத் திரிந்த பாதணி அந்த இடத்தைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கழற்றிய பாதணியை விழுந்தபடி விட்டுவிட்டுப் போவதும் அழகல்ல. அதன் நுனி வாசலைப் பார்த்திருக்கும்படி குனிந்து திருப்பி வைக்க வேண்டும். உள்ளே நடப்பதற்கு வேறு செருப்புத் தருவார்கள். ‘தத்தமி’ எனப்படும் தடித்த கோரைப்பாய் பதித்த அறைக்குள் அந்தச் செருப்பும் போகக்கூடாது. மலசலகூடத்துக்கென்று தனியாக ஒரு சோடி அதன் கதவடியில் இருக்கும். அதை மாட்டியபடியே வரவேற்பறைக்குத் திரும்பி வந்துவிடும் வெளிநாட்டவர்களின் கதைகளைச் சொல்லி யப்பானியர் சிரிப்பதுண்டு.

வாசலில் செருப்பைக் கழற்றுவது எமக்கும் பழகிய விடயந்தான். திருப்பி வைப்பது மட்டும் புதிது. வெளிக்கிடும்போது காலை நேராக நுழைத்துக்கொண்டு போகலாம் என்பது அதற்கு ஒரு காரணம். பின்னால் வருபவருக்கு இடைஞ்சல் இல்லாமல் வாசலை ஒழுங்காக விடுவது மற்றைய காரணம். இந்த இரண்டாவது எண்ணத்தை விளங்கிக்கொண்டால் யப்பானியரின் அன்றாடப் பழக்கங்களில் பெரும்பாலானவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

இந்த மாதம் யப்பானைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரலில் அந்நாடு குறிப்பிட்ட தொழிற்றிறன் உடைய வெளிநாட்டுத் தொழிலாளருக்கென ஒரு புதிய விசா முறையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கை அரசும் யப்பான் அரசும் இது தொடர்பான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. முதியோர் பராமரிப்பு இம்முறையில் அடங்கும் தொழில்களில் ஒன்று. அதனால் எமது பகுதிகளிலும் இளம் பெண்கள் யப்பானிய மொழி வகுப்புகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கான வழிகாட்டல் கூட்டங்களில் பேசப் போகும்போது சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. “அக்கா, அங்க எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்காமே? பிழைச்சுப்போனா என்ன செய்வினம்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சமூகப்பணிப் பயிற்சியொன்றுக்காக ஆறு வாரங்கள் அங்கு தங்கியிருந்தபோது கண்டவற்றையும், சமூகவியல் மாணவியாக இருந்த காலந்தொட்டு வாசித்தவற்றையும் கொண்டு அவர்களுக்குச் சொல்வதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

போயிட்டு வாறன்

வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று சொன்னால் எங்கள் அம்மாமார் விடமாட்டார்கள். ‘போயிட்டு வாறன் எண்டு சொல்லு’ என்று திருத்துவார்கள். யப்பானியரும் அப்படியே. வெளியே போகிறவர் ‘இத்தெக்கிமஸ்’ என்பார். போய் வருகிறேன் என்பதே அதன் நேர்ப்பொருள். வீட்டில் நிற்பவர் ‘இத்தெரஷ்ஷாய்’, அதாவது போய் வாருங்கள், என்று மறுமொழி சொல்வார். திரும்பி வந்ததும் ‘தடாய்மா’ என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து ‘ஒக்கயெரி’ என்று வரவேற்புக் கிடைக்கும். தனியாக வாழ்பவர்களிற் சிலர் வெறும் வீட்டைப் பார்த்தும் இதைச் சொல்வார்களாம். தூர தேசம், புரியாத மனிதர் என்று பயப்படும் பெண்களுக்கு நான் முதலிற் சொல்லிக்கொடுப்பது இந்தச் சொல்லைத்தான். முகத்திலுள்ள பயம் பாதி குறைந்துவிடும்.

சாப்பிடத் தொடங்குமுன் கைகளைக் கூப்பி ‘இத்தடக்கிமஸ்’ என்பார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். சாப்பிட்டு முடிந்ததும் ‘கொச்சிஸோ சமா’ என்பார்கள். விருந்தைக் குறிக்கும் இச்சொல்லை எழுதப் பயன்படும் இரண்டு எழுத்துக்களுக்கும் ஓடுதல் என்பதே மூலப்பொருள். அரிசி தேடி, மரக்கறி தேடி, விறகு தேடி ஓடித் திரிந்தவருக்கு நன்றி என்று விரித்துக்கொள்ளலாம். மூன்று வேளையும் குசினிக்கும் கிணற்றடிக்கும் ஓடும் எங்கள் அம்மாமாருக்கு இப்படி ஒரு நன்றிச்சொல்லை நாங்கள் வழக்கத்தில் வைத்திருக்கவில்லை. ‘உப்புக் குறைவு’ என்ற சொல் மட்டும் தவறாமல் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையிலும் சில விலக்குகள் உண்டு. உணவு எடுக்கும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது. இறந்தவரின் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக்கூடாது. தகனம் முடிந்தபின் எலும்புகளை எடுத்துக் கலத்தில் இடும்போது உறவினர் குச்சிகளால் ஒன்றாகப் பிடித்து எடுக்கும் சடங்கை அது நினைவூட்டும். செத்தவீட்டில் செய்வதை நல்ல நாளில் செய்யாதே என்று எங்கள் கிழவிகள் சொல்வதும் இதே கணக்குத்தான். நான்கு என்ற எண்ணும் மரணம் என்ற சொல்லும் ‘ஷி’ என்று ஒரே ஒலியில் அமைவதால் நான்கு பொருட்கள் கொண்ட பரிசைத் தவிர்ப்பார்கள். கலியாணத்துக்குப் புத்தம் புதிய நோட்டுக்களைக் கொடுக்க வேண்டும். இரண்டாகப் பிரிபடக்கூடாது என்பதற்காக முப்பதாயிரம் யென் என்பதுபோல் ஒற்றைப்படையில் கொடுப்பார்கள். ஆயிரத்தொரு ரூபா வைக்கும் எமக்கு அது விளங்கும். செத்தவீட்டுக்குக் கொடுக்கும் நோட்டு மட்டும் பழையதாக இருக்க வேண்டும். புது நோட்டைக் கொடுத்தால் சாவை எதிர்பார்த்து முன்கூட்டியே எடுத்து வைத்ததுபோல் ஆகிவிடுமாம். துக்கத்திலிருப்பவரின் மனம் எங்கே நோகும் என்று அவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நாலு பேர்

யப்பானியப் பெற்றோர் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லும் ஒரு சொல் ‘மெய்வக்கு’. மற்றவருக்கு ஏற்படும் தொல்லை அல்லது இடைஞ்சல் என்று பொருள்படும். யாருக்கும் மெய்வக்கு ஆகாதே என்பது அவர்களது முதற்பாடம். நாங்கள் ‘நாலு பேர் என்ன சொல்லுவினம்’ என்று சொல்லிப் பிள்ளை வளர்க்கிறோம். அவர்கள் அந்த நாலு பேருக்கும் உன்னால் என்ன இடைஞ்சல் என்று கேட்டு வளர்க்கிறார்கள்.

புகையிரதத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். காலை வேளையில் நிற்க இடமில்லாத பெட்டியிலும் சத்தம் இருக்காது. கைத்தொலைபேசியில் பேசுபவர் இல்லை. தொலைபேசியின் மணியொலியை நிறுத்தி வைப்பதற்கு அங்குள்ள பெயரே ‘மனர் மோட்’, அதாவது பண்பு நிலை. முதுகுப்பையை முன்பக்கமாகப் போட்டுக்கொள்வார்கள். இறங்குபவர்கள் இறங்கும்வரை ஏறுபவர்கள் இரு பக்கமும் வரிசையில் நிற்பார்கள். குப்பையை வகை பிரித்து அந்தந்த வகைக்குரிய நாளில் மட்டும் வெளியே வைப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர் ஒரு துவாய் போன்ற சிறிய பரிசோடு அயலவரிடம் சென்று அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது.

சொல்லாமலே விளங்கிக்கொள்வது இன்னொரு பாடம். அதை அவர்கள் ‘காற்றை வாசித்தல்’ என்பார்கள். காற்றை வாசிக்கத் தெரியாதவர் என்ற தொடரைச் சுருக்கி ‘கே வை’ என்று கேலி செய்யும் வழக்கு 2007இல் நாடெங்கும் பரவியது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வது அரிது. ‘அது ச்சொத்தோ…’ என்று இழுத்து நிறுத்திவிட்டால், அது கொஞ்சம்… என்று சொன்னதாகப் பொருள். கேட்டவர் முடியாது என்று எடுத்துக்கொள்வார். கடன் கேட்டு வந்தவரிடம் நாங்கள் ‘பார்ப்பம்’ என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

1970இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பேராசிரியரான சமூக மானிடவியலாளர் ச்சியே நக்கனே, 1967இல் வெளியிட்ட நூலில் தனது சமூகத்தைச் ‘செங்குத்துச் சமூகம்’ என்று விபரித்தார். ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்பதிலும் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதே அங்கு முதன்மை பெறுகிறது என்றும், அந்த நிறுவனத்துக்குள் யார் முந்தியவர் யார் பிந்தியவர் என்ற வரிசையே உறவுகளை நடத்துகிறது என்றும் அவர் விளக்கினார். பேச்சு வழக்கிலும் இந்த உள்-வெளி வேறுபாடு தெரியும். வெளியாரிடம் பேசும்போது தமது மேலதிகாரியைக்கூட மரியாதை விகுதி சேர்க்காமல் குறிப்பிடுவார்கள். உள்ளவரைத் தாழ்த்தி வெளியாரை உயர்த்துவதே அங்கு பண்பு. ‘எங்கட ஐயா வந்தவர்’ என்று வீட்டாருக்கும் மரியாதை சேர்த்துப் பேசும் எமக்கு இது சற்றுச் சிரமமாக இருக்கும்.

யார் சுமக்கிறார்கள்?

இவ்வளவையும் கேட்டால், எல்லோரும் எல்லோரையும் எண்ணிப் பார்க்கும் நாடு என்று தோன்றும். அதில் உண்மை உண்டு. ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். மதிய உணவு நேரத்தில் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை. 1998இல் யப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்தில் பங்குபற்றிய காலந்தொட்டு அதன் ரசிகர்கள் ஆட்டம் முடிந்தபின் அரங்கின் குப்பையைப் பொறுக்கிவிட்டுப் போவதை உலகமே பாராட்டுகிறது.

ஆனால் வீட்டுக்குள் போனால் கணக்கு மாறுகிறது. பாடசாலையில் மனையியல் நீண்ட காலம் மாணவியருக்கே உரிய பாடமாக இருந்தது. கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் 1993இலும் உயர்நிலைப் பாடசாலைகளில் 1994இலுந்தான் அது இருபாலாருக்கும் கட்டாயமானது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 2020இல் தொகுத்த தரவுகளின்படி, யப்பானியப் பெண்கள் சம்பளமற்ற வேலைகளில் நாளொன்றுக்கு 224 நிமிடங்களைச் செலவிட, ஆண்கள் செலவிட்டது 41 நிமிடங்கள்தான். விளையாட்டரங்கைக் கூட்டும் கை வீட்டைக் கூட்டுவதில்லை.

மொழியிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணவர் தன் மனைவியைப் பிறரிடம் குறிப்பிடும்போது பயன்படுத்தும் பழைய சொல் ‘கனாய்’. வீட்டின் உள்ளே என்பது அதன் எழுத்துப் பொருள். எமது இல்லாளும் மனைவியும் அதே வீட்டுக்குள் இருப்பவர்கள்தானே. மனைவி கணவரைக் குறிக்கும் ‘ஷுஜின்’ என்ற சொல்லுக்கு எசமான் என்று பொருள். முன்னாளில் ஒரே தொட்டி வெந்நீரில் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராகக் குளிக்கும்போது வீட்டுத் தலைவர் முதலிலும் தாயோ மருமகளோ கடைசியிலும் இறங்குவார்கள். வேலைத்தலத்தில் விருந்தினருக்கும் சக ஊழியருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது பெண் ஊழியரின் எழுதப்படாத கடமையாக நெடுங்காலம் இருந்தது. பெப்ரவரி 14ஆம் திகதி பெண்கள் தம்மோடு வேலை செய்யும் ஆண்களுக்குச் சொக்லட் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு ‘கடமைச் சொக்லட்’ என்றே பெயர். அந்தக் கடமையை நிறுத்துவோம் என்று 2018இல் பத்திரிகையில் விளம்பரம் செய்தது கொடிவா என்ற சொக்லட் நிறுவனமே.

2019இல் நடிகையும் எழுத்தாளருமான யுமி இஷிக்காவா, வேலைக்கு வரும் பெண்கள் குதியுயர்ந்த பாதணி அணிய வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு எதிராக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பாதணியைக் குறிக்கும் ‘குட்சு’, வலியைக் குறிக்கும் ‘குட்சூ’ ஆகிய சொற்களை இணைத்து அதற்குக் ‘குடூ’ எனப் பெயர் வந்தது. பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் தொழில் அமைச்சிடம் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு யப்பான் எயார்லைன்ஸ் தனது பெண் ஊழியருக்கான குதியுயர் பாதணி விதியை நீக்கியது. காயப்பட்ட குதிக்காலுடன் சிரித்தபடி நிற்பதும் ஒரு பண்பாகவே அதுவரை கருதப்பட்டிருந்தது.

கேட்க முடியாத உதவி

ஒரு சமூகப்பணியாளராக என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். மற்றவருக்குத் தொல்லை தராதே என்று பழகிய மனம், தனக்கு உதவி வேண்டும்போது என்ன செய்யும்? கேட்காது. கேட்பதே தொல்லை என்று எண்ணும்.

யப்பானின் தொழில் நியமங்கள் சட்டம் 1947இலேயே மாதவிடாய்க் காலத்தில் வேலை செய்ய இயலாத பெண்ணுக்கு விடுமுறை கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது. ஆசியாவின் மற்றைய நாடுகள் பலவற்றில் இன்னும் இல்லாத உரிமை அது. ஆயினும் 2020ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் அதைப் பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. நான் இல்லாவிட்டால் என் வேலை இன்னொருத்தி தலையில் விழுமே என்ற எண்ணமும், ஆண் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமும் சட்டத்தைவிடப் பலமாக நிற்கின்றன.

சத்தமில்லாத அந்தப் புகையிரதத்திலும் இதே கதைதான். நெரிசலில் பெண்களின் உடலைத் தொடும் ஆண்களின் தொல்லை அங்கு பெரும் பிரச்சினை. பலர் முன்னிலையில் குரல் எழுப்பத் தயங்கிப் பல பெண்கள் மௌனமாகவே இறங்கிப் போனார்கள். கெய்யோ புகையிரதப் பாதையில் 2001இல் பெண்களுக்கான தனிப்பெட்டி நிரந்தரமாக அறிமுகமாகி, 2005இல் டோக்கியோவின் பல பாதைகளுக்கும் விரிந்தது. வாய்விட்டுக் கேட்க முடியாதவர்களுக்காக அடையாளங்களும் உருவாக்கப்பட்டன. கர்ப்பிணித் தாய்மார் பையில் தொங்கவிடும் இளஞ்சிவப்புச் சின்னத்தைச் சுகாதார அமைச்சு 2006இல் கொண்டுவந்தது. வெளியே தெரியாத நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கான சிவப்புச் சின்னத்தை டோக்கியோ மாநகர நிர்வாகம் 2012இல் அறிமுகப்படுத்தியது. குழந்தைத் தள்ளுவண்டியை மடிக்காமலே புகையிரதத்தில் கொண்டு செல்லலாம் என்று 2014இல் அமைச்சே அறிவித்து அதற்கும் ஒரு சின்னம் கொடுக்க வேண்டியிருந்தது. குழந்தையோடு ஏறும் தாய் இடத்தை அடைக்கிறாள் என்ற முணுமுணுப்பு அவ்வளவு இருந்தது.

2017 நவம்பரில் குமாமோட்டோ மாநகர சபை உறுப்பினர் யுக்கா ஒகாட்டா தமது ஏழு மாதக் குழந்தையோடு சபை மண்டபத்தில் வந்து அமர்ந்தார். உறுப்பினரல்லாதவர் உள்ளே இருக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி அவரைக் குழந்தையை வெளியே விடச் செய்தார்கள். கூட்டம் சுமார் நாற்பது நிமிடங்கள் பிந்தியது. சபைக்கு அவர் இடைஞ்சல் செய்தார் என்று ஒரு பகுதியினர் கண்டித்தார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு வேலை செய்யும் தாய்க்கு யார் இடைஞ்சல் என்று மறுபகுதியினர் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்வி பொதுவெளியில் உரத்துக் கேட்கப்பட்டதே ஒரு மாற்றம் எனலாம்.

யப்பானிய மொழியிலிருந்து எமக்கு வந்து கண்ணீரோடு பதிந்துவிட்ட ஒரு சொல் உண்டு. துறைமுக அலை என்று பொருள்படும் ‘சுனாமி’ அது. 2011 மார்ச் 11ஆம் திகதி வடகிழக்கு யப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோது, வீடிழந்தவர்கள் ஒருவரையொருவர் நெருக்காமல் தண்ணீருக்கு வரிசையில் நின்ற படங்களை உலகம் வியந்து பார்த்தது. அந்த முகாம்களுக்குள் நடந்த வேறு சிலவற்றைப் பெண்கள் அமைப்புகள் பின்னர் வெளிக்கொணர்ந்தன. நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம், மறைப்பு எதற்கு என்று சில முகாம்களில் தடுப்புகள் போடப்படவில்லை. உடை மாற்றவும் பாலூட்டவும் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. பொருட்களைப் பங்கிட்டவர்கள் ஆண்கள் என்பதால் சுகாதாரத் துவாயும் உள்ளாடையும் கேட்கப் பெண்கள் கூசினார்கள். முகாமில் உள்ள எல்லோருக்கும் சமைக்கும் வேலை பெண்களிடம் விடப்பட்டது. எல்லோருக்கும் கஷ்டம், இதில் என் கஷ்டத்தைச் சொல்லி ஏன் தொல்லை கொடுப்பான் என்று அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 2013 மே மாதத்தில் யப்பானின் அமைச்சரவை அலுவலகம் அனர்த்த வேளைகளில் பெண்களின் தேவைகளைக் கவனிப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டதற்கு இந்த அனுபவங்களே காரணமாயின.

2004 டிசம்பர் 26இன் பின் எங்கள் கரையோரப் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியிருந்த பெண்களுக்கு இது எதுவும் புதிதாக இராது. எங்கள் பெண்களின் வாயை அடைத்தது வெட்கம். அவர்கள் பெண்களின் வாயை அடைத்தது பணிவு. பெயர் வேறாயினும் இரண்டு இடத்திலும் துன்பத்தை விழுங்கியவள் பெண்தான்.

போகவிருக்கும் சகோதரிகளுக்கு

அப்படியானால் இந்த ஒழுங்குகளைப் படிக்கத் தேவையில்லையா என்று கேட்கக்கூடாது. கட்டாயம் படிக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் ஒருவரைத் தொடுமுன் என்ன செய்யப்போகிறோம் என்று குரல் கொடுத்துச் சொல்லவேண்டும் என்பது அங்குள்ள பராமரிப்புப் பாடம். படுக்கையில் கிடப்பவரையும் அறிவித்தே தொட வேண்டும் என்பது எவ்வளவு மேலான பண்பு. முன்பின் தெரியாத முதியவரை ஆச்சி, அப்பு என்று அழைப்பது எமக்கு அன்பு. அங்கே குடும்பப் பெயரோடு ‘சன்’ சேர்த்து அழைப்பதே மரியாதை. பாட்டி என்று அழைத்தால், தனக்கென்று ஒரு பெயரில்லாத கிழவியாக்கிவிட்டார்கள் என்று அவர் மனம் நோகலாம். நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்திப் போவது, இரண்டு கையாலும் வாங்குவது, குளியல் தொட்டியில் இறங்குமுன் உடம்பைக் கழுவிக்கொள்வது எல்லாம் இலகுவாகப் பழகிவிடும். சிறு பிழைகளை வெளிநாட்டவர் என்று பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ‘சுமிமசென்’ என்ற ஒரு சொல் மன்னிப்புக்கும் நன்றிக்கும் ஒருவரைக் கூப்பிடுவதற்கும் ஆகும்.

ஒரு கூட்டத்தில், ஏற்கெனவே மொழிப் பரீட்சையில் சித்தியடைந்திருந்த தங்கை ஒருவர் எழும்பி, “அக்கா, இடுப்பு நொந்தாலும் சொல்லக்கூடாதோ? தொல்லை எண்டு நினைப்பினமோ?” என்று கேட்டார். முதியோரைத் தூக்கிக் கிடத்தும் தொழிலுக்குப் போகிறவர் கேட்ட கேள்வி இது. அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்கிறேன்.

யப்பானிய வேலைத்தலங்களில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதியொன்று ‘ஹோரென்சோ’. அறிவித்தல், தகவல் கொடுத்தல், ஆலோசனை கேட்டல் ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்களின் முதல் ஒலிகளைக் கோத்து ஆக்கிய சொல் அது. அவர்கள் சாப்பிடும் ஒருவகைக் கீரையின் பெயரும் அதுவே என்பதால் மறக்காது. அதில் மூன்றாவதான ஆலோசனை கேட்டலை அவர்கள் ‘சோடன்’ என்பார்கள். ‘சோடன் செய்ய வேண்டியிருக்கிறது’ என்று மேலதிகாரியிடம் சொல்வது பண்புக் குறைவல்ல. சொல்லாமல் மறைத்து, ஒரு நாள் இடுப்பு முறிந்து விழுந்து, தூக்கிக்கொண்டிருந்த முதியவரையும் விழுத்துவதே அவர்களுடைய கணக்கிலும் பெரிய தொல்லை. நேரத்தோடு சொல்பவரே மற்றவரை எண்ணிப் பார்ப்பவர். தொல்லை தராதே என்ற பாடத்துக்குள்ளேயே உதவி கேட்கும் கதவும் இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. தேசிய இனத்தைக் காரணமாக்கி வேலை நிபந்தனைகளில் பாகுபாடு காட்டுவதைத் தொழில் நியமங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் எட்டு வாரமும் ஓய்வு உண்டு. கர்ப்பத்தைக் காரணங்காட்டி வேலையிலிருந்து நீக்க முடியாது. பொலிசுக்கு 110, அம்புலன்சுக்கு 119 என்ற இலக்கங்களைப் பாடமாக்கி வையுங்கள். வணக்கம் சொல்லப் படிக்கும் அதே வாரத்தில் ‘தசுக்கெத்தே’, காப்பாற்றுங்கள், என்ற சொல்லையும் படித்துக்கொள்ளுங்கள்.

போகாமல் இங்கேயே இருக்கும் எமக்கும் இதில் எடுத்துக்கொள்ள இருக்கிறது. செருப்பைத் திருப்பி வைப்பதையும், பஸ்ஸில் தொலைபேசியை அடக்கி வைப்பதையும், கோயில் வீதியில் போட்ட குப்பையைப் பொறுக்குவதையும் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். ஆண் பிள்ளைக்கும் சேர்த்துப் பழக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் பழக்க வேண்டும். இன்று இரவு சாப்பிட்டு எழும்பும்போது, ஓடித் திரிந்து சமைத்தவருக்கு ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள். சமைத்தவர் நீங்களானால், இடுப்பு நோகுது என்பதையும் அதே மேசையில் சொல்லிவிடுங்கள். கோப்பையைக் கழுவ யாராவது எழும்புவார்கள். எழும்பாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.